மதராசபட்டினத்துல வராத காதல்

இந்த எபிசோடை வேப்பனப்பள்ளியில இருந்து ரெக்கார்ட் பண்றோம். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா மன்னிச்சுக்குங்க.

ஏ.எல். விஜய்யோட ‘மதராசபட்டினம்’ 2010ல வந்துச்சு. ஏமி கவர்னர் பொண்ணு, பரிதி சலவைத் தொழிலாளி. 1947 ஆகஸ்ட் 14 ராத்திரி ஊரே சுதந்திரத்தைக் கொண்டாடுது, இவங்க மட்டும் உயிருக்குப் பயந்து ஓடுறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச படம். ஆனா ஒரு உறுத்தல் இருக்கு. அந்தக் கதையில காதலுக்கு எதிரி வெள்ளைக்காரன். அவன் கப்பல் ஏறிட்டா பிரச்சினை தீர்ந்துரும்ங்கிற மாதிரி இருக்கும். (நிஜத்துல அன்னைக்கு மெட்ராஸ் கவர்னர் ஆர்ச்சிபால்ட் நை. மனுஷன் 1948 வரைக்கும் இங்கதான் இருந்தார்!)

அதே வெள்ளைக்காரன் காலத்துல நடந்த ஒரு நிஜக் காதலைப் பார்ப்போம். அதோட ஒரு முனை நம்ம மாவட்டத்துல இருக்கு. ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளி, ராஜாஜி பிறந்த ஊர். அவர் மகள் லட்சுமியும் காந்தியோட கடைசி மகன் தேவதாஸும் 1920களோட கடைசியில காதலிச்சாங்க. பொண்ணு ஐயங்கார், பையன் குஜராத்தி பனியா. ரெண்டு அப்பாக்களும் நெருங்கின நண்பர்கள், தீண்டாமைக்கு எதிரா மேடை ஏறினவங்க. சரின்னு உடனே சொல்லியிருப்பாங்கன்னுதானே நினைப்போம்? இல்ல. அஞ்சு வருஷம் பார்க்காம பிரிஞ்சு இருங்க, அப்பவும் மனசு மாறலன்னா யோசிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அப்போ லட்சுமிக்கு வயசு பதினாறுகூட ஆகியிருக்காது, அதனால அந்தக் கண்டிஷனை முழுசா தப்புன்னும் சொல்ல முடியல.

இதுல சட்டமும் இருக்கு. பிரிட்டிஷ் கோர்ட்டுகள் இந்துக்களுக்கு சாஸ்திரப்படிதான் தீர்ப்பு சொல்லும். ‘மேல்’ வர்ணப் பொண்ணு ‘கீழ்’ வர்ணப் பையனைக் கட்டினா அதுக்குப் பேரு பிரதிலோமம். பொதுவா அது செல்லாது. 1923க்கு அப்புறம் பதிவுத் திருமணம்னு ஒரு வழி வந்துச்சு, ஆனா அப்படிப் பண்ணிக்கிட்டா கூட்டுக் குடும்பத்துல இருந்து பிரிஞ்சதா சட்டம் எடுத்துக்கும். அதாவது, வெள்ளைக்காரன் கோர்ட் நம்ம சாதிக்குக் காவல் நின்னுச்சு. சாதி மாறின இந்துத் திருமணங்கள் எல்லாம் செல்லும்னு தெளிவா ஒரு சட்டம் வந்தது 1949ல, சுதந்திரத்துக்கு அப்புறம்.

ரெண்டு பேரும் காத்திருந்தாங்க. 1933 ஜூன் 16, புனேவுல கல்யாணம். காந்தி தன்னோட 21 நாள் உண்ணாவிரதத்தை முடிச்சு மூணு வாரம்கூட ஆகல.

விசுவாசம் ரெண்டா பிரியுற இடம் இதுக்கு அப்புறம்தான் வருது. 1942ல ராஜாஜி ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தை எதிர்த்து காங்கிரஸை விட்டே விலகிட்டார். காந்தியும் கஸ்தூர்பாவும் ஆகா கான் மாளிகையில சிறையில இருந்தாங்க, கஸ்தூர்பா 1944ல அங்கேயே இறந்தும் போனாங்க. தேவதாஸ் அப்போ டெல்லியில ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ ஆசிரியர். ஒரு பக்கம் சிறையில அப்பா, இன்னொரு பக்கம் அப்பாவோட போராட்டமே தப்புன்னு ஊர் ஊரா பேசுற மாமனார். லட்சுமிக்கு இதே கணக்கு அப்படியே தலைகீழா.

அந்த வருஷங்கள்ல அவங்க வீட்டுச் சாப்பாட்டு நேரத்துல என்ன பேசியிருப்பாங்க? யாராவது டைரக்டர் இதைக் கேட்டுட்டு இருந்தா, அந்த சீன்ல இருந்து படத்தை ஆரம்பிங்க சார்.