வேற்றுப் பூனையின் வீட்டுப் பிரவேசம்

(வளவில் வாழும் ஜீவன்கள் – 9)

சென்ற வாரம், தாயை இழந்த குட்டிகளுக்குப் பால் புகட்டி ஆளாக்கும் வகையைச் சொல்லி முடிக்கையில், வளர்ந்த பூனையொன்று வாசலில் வந்து நிற்கும்போது செய்யவேண்டியவை முற்றிலும் வேறு என்றும், அவற்றுக்கென ஒரு வாரத்தைத் தனியே ஒதுக்குவதே முறை என்றும் குறிப்பிட்டிருந்தேன். மாரி தொடங்கிவிட்ட இந்தச் சமயத்தில் அதை மேலும் தள்ளிப்போடுவது நியாயமாகாது. வாடைக்காற்று வீசிக் கடல் கொந்தளித்து, கரைவலைத் தோணிகள் மணலிலே ஏறிக் கிடக்கிற நாட்களில், மீன்வாடிகளை அண்டி, கழித்து எறியப்பட்ட சூடையையும் நெத்தலியையும் தின்று ஜீவித்துவந்த பூனைகளுக்கு ஆகாரமும் அற்றுப்போகிறது, நனையாமல் ஒதுங்க இடமும் அற்றுப்போகிறது. ஆதலால் அவை ஊருக்குள் வருகின்றன. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஓர் ஊர் முடிவதும் அடுத்த ஊர் தொடங்குவதும் தெரியாதபடி வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இக்கரையில், மதிலின்மேல் ஏறிய பூனை தரையில் கால் வைக்காமலே பல வளவுகளைக் கடந்துவிடும். அப்படிக் கடந்து, மழைக்கு ஒதுங்கி, நம் விறாந்தையின் மூலையில் குந்தியிருக்கும் அந்த ஜீவனுக்கும், ஏற்கெனவே குசினியைத் தம் உரிமையாக்கிக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பூனைகளுக்கும் இடையே ஸ்நேகம் உண்டாக்குவது எப்படி என்பதே இவ்வார விஷயம்.

என் மூத்தம்மா இத்தகைய விருந்தாளியைக் கண்டால், “பசிச்சு வந்திரிக்கி மனே, சோத்தப் போடு, மறுகா மத்ததப் பாப்பம்” என்பார். “நம்மட பூனைகள் கடிச்சிப் போடுமே மூத்தம்மா?” என்று கேட்டால், “ஒரேயடியா உள்ளுக்கு விட்டா கடிக்காம என்ன செய்யும்?” என்று திருப்பிக் கேட்பார். பிராணி நூலொன்றையும் படித்திராத அவர் வகுத்த கிரமம் அட்சரம் பிசகாமல் சரியானது: முதலில் ஆகாரம், பிறகு அவகாசம், அதன் பிறகே அறிமுகம்.

ஏன் அவகாசம் வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ளப் பூனையின் பூர்வோத்தரத்தைச் சற்றே அறிய வேண்டும். இன்றைய வீட்டுப் பூனையின் மூதாதை, ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் தனித்தே வேட்டையாடித் தனித்தே வாழ்ந்த காட்டுப்பூனை. மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கி, அதைத் தின்ன எலிகள் வந்து, அந்த எலிகளைத் தேடிப் பூனைகள் வந்த காலந்தொட்டே அது நம்மை அண்டி வாழ்கிறது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனின் அருகே அடக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புகளைப் பற்றி 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். ஆகாரம் ஓரிடத்தில் குவிந்திருந்தால் பூனைகளும் கூட்டமாக வாழும். ஆனால் அந்தக் கூட்டம் கண்டபடி சேர்ந்த கூட்டமல்ல. தாய், அவள் சகோதரி, அவர்களுடைய பெண்மக்கள் என்று தாய்வழி உறவே அதன் மையமாக நிற்க, கடுவன்கள் வளர்ந்ததும் விலகிப் போய்விடுகின்றன. ஒன்றின் குட்டிகளுக்கு மற்றொன்று பால் கொடுத்து வளர்ப்பதும், ஒன்றையொன்று நக்கிக் கன்னத்தோடு கன்னம் உராய்வதும் இந்த உறவுக்குள்ளேதான். வெளியிலிருந்து வரும் வளர்ந்த பூனையை அக்கூட்டம் விரட்டும். விரட்டியும் போகாமல் பொறுமையோடு ஓரத்தில் காத்திருக்கும் பூனையை, நாளடைவில், ஒவ்வோர் அடியாக நெருங்கவிடும்.

நம் கரையோர மக்களுக்கு இதை விளக்கவேண்டிய சிரமமே இல்லை. வீடு பெண்ணுக்குச் சீதனமாகி, தாயும் மகளும் சகோதரிகளும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ வாழ, மாப்பிள்ளை புதியவனாக வந்து நுழையும் சம்பிரதாயம் நம்முடையது. வந்த முதல் நாளே அவன் குசினிக்குள் புகுந்து சட்டியைத் திறப்பதில்லை. மண்டபத்தில் இருத்தி உபசரிக்கப்படுகிறான், பேச்சும் பழக்கமும் மெல்ல மெல்லவே உண்டாகின்றன. அந்தப் புதிய மாப்பிள்ளைக்குக் காட்டும் நிதானத்தையே வேற்றுப் பூனைக்கும் காட்ட வேண்டும்.

பூனைகளுக்கு உறவென்பது பெரும்பாலும் வாசனையைப் பற்றிய விஷயம். கன்னத்திலும் மோவாயிலும் நெற்றியிலும் வாலின் அடியிலும் உள்ள சுரப்பிகளின் மணத்தை நாற்காலிக் காலிலும் கதவு நிலையிலும் நம் கணுக்காலிலும் பூசிவிட்டு, தமக்குள்ளும் உராய்ந்து உராய்ந்து, ஒரு வீட்டுப் பூனைகளெல்லாம் பொதுவான ஒரு மணத்தைச் சம்பாதித்துக்கொள்கின்றன. அந்த மணம் இல்லாதது எதுவோ அது அந்நியம். மிருக வைத்தியரிடம் போய்த் திரும்பிய தன் உடன்பிறப்பின்மீதே ஒரு பூனை சீறிப் பாய்வதைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு. மருந்தின் நெடி வீட்டு மணத்தை மறைத்துவிட்டதே காரணம். ஆகவே புதிய பூனையை முகத்துக்கு முகம் காட்டுவதற்கு முன்னே அதன் மணத்தை வீட்டுக்கும், வீட்டின் மணத்தை அதற்கும் பழக்கிவிட வேண்டும்.

இதற்கு அதைச் சில காலம் ஓர் அறையில் தனியே வைப்பது அவசியமாகிறது. இவ்விடத்தில் நம்மவர் பலருக்கு ஒரு தயக்கம் எழும். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரைதேடிக்கொள்ள விடவும் இல்லாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இருக்க, அறையில் அடைப்பது பாவமாகாதா என்று என்னிடமே கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி இறையச்சத்திலிருந்து பிறந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெண் கண்டிக்கப்பட்டது பட்டினியும் அடைப்பும் ஒன்றுசேர்ந்த கொடுமைக்காகவே. வேளைக்கு ஆகாரமும் சுத்தமான தண்ணீரும் படுக்கையும் கொடுத்து, அதன் பாதுகாப்பைக் கருதி, வரையறுத்த காலம் தனியே வைப்பது பராமரிப்பே ஆகும். ஒழுச் செய்யவிருந்த தண்ணீரில் பூனை வாய்வைக்க வந்தபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அதை விரட்டாமல், அது குடிப்பதற்கு இலகுவாகப் பாத்திரத்தைச் சரித்துப் பிடித்தார்கள் என்பதும், பூனை அசுத்தமான பிராணி அல்லவென்றும் நம்மிடையே சுற்றித் திரிவதென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை அதற்கு ஆதாரமாகச் சொன்னார்கள் என்பதும் அபூதாவூத், திர்மிதி ஆகியவற்றில் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பாத்திரத்தைச் சரித்துப் பிடித்த கையின் பரிவு நமக்கு இருந்தால் அறைக் கதவைச் சாத்துவதில் பிழை நேராது.

தனிமைக்கு வேறொரு காரணமும் உண்டு. தெருவில் வாழ்ந்த பூனை, வெளிப்பார்வைக்குத் தெரியாத நோயைச் சுமந்து வரலாம். வாந்தியும் கழிச்சலுமாக வந்து குட்டிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் வைரஸ் நோயொன்றின் கிருமி வீட்டுத் தரையில் மாதக்கணக்கில் அழியாதிருக்கும். 1964இல் கிளாஸ்கோ நகரில் கண்டறியப்பட்ட இரத்தப் புற்று வைரஸ் உமிழ்நீரால், அதாவது ஒரே தட்டில் உண்பதாலும் ஒன்றையொன்று நக்குவதாலும் பரவுகிறது. 1986இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்ட, எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் வைரஸ் ஆழமான கடிகளால் தொற்றுகிறது. இரண்டு வாரங்களாவது தனியே வைத்து, மிருக வைத்தியரிடம் காட்டி, பூச்சி மருந்தும் தடுப்பூசியும் கொடுத்து, இரத்தப் பரிசோதனைக்கு வசதி கிடைத்தால் அதையும் செய்துகொள்வது வீட்டிலுள்ள பூனைகளுக்கு நாம் செலுத்தும் கடன். காய்ச்சல்போல் தெரிகிறதே என்று பனடோலை ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு வில்லை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

அறையில் வேண்டியவை சொற்பம். ஒரு பேசனில் கடற்கரை மணல், அதற்கு எட்டத்தில் சோறும் தண்ணீரும், ஒரு பழைய பன்பாய், ஒளிந்துகொள்ள வாசல் வெட்டிய ஓர் அட்டைப்பெட்டி. மீன் கொடுப்பதாயின் அவித்துக் கொடுங்கள். பச்சை மீனையே தொடர்ந்து தின்றால் உடம்பில் பி1 விற்றமின் குன்றிவிடும். அது பெட்டிக்குள்ளேயே பதுங்கிக் கிடந்தால் இழுத்தெடுக்க முயலாமல், அருகே அமர்ந்து நம் வாசிப்பையோ ஓதலையோ நடத்திக்கொண்டிருந்தால், குரல் பழகி அது தானே வெளிவரும்.

அது நிம்மதியாக உண்ணவும் உறங்கவும் தொடங்கிய பிறகு, மருதமுனைத் தறியில் நெய்த பழைய சாறன் ஒன்றைக் கிழித்து, ஒரு துண்டால் வீட்டுப் பூனைகளின் கன்னங்களைத் தடவிப் புதியதன் தட்டருகே போடுங்கள். புதியதைத் தடவிய துண்டை மற்றவை உண்ணுமிடத்தில் போடுங்கள். முகர்ந்துவிட்டு அலட்சியமாக உண்ணத் தொடங்கினால் காரியம் கூடிவருகிறது. துணியைப் பார்த்தே சீறினால் அதைத் தட்டிலிருந்து தள்ளிவைத்து நாட்களைக் கடத்துங்கள். பின்னர் சாத்திய கதவின் இருபுறமும் தட்டுகளை வைத்து ஒரே வேளையில் உணவிட்டு, மெல்ல மெல்லத் தட்டுகளைக் கதவண்டை நகர்த்தி, அதற்கும் பிறகு நுளம்பு வலையோ கோழிவலையோ அடித்த கதவினூடே ஒன்றையொன்று பார்க்கவிட்டு, கடைசியிலேயே ஒரே அறையில் சில நிமிஷங்கள் சந்திக்கவிட வேண்டும். அந்தச் சந்திப்பிலும் எல்லாப் பூனைகளையும் ஒருமிக்க விடலாகாது. ஒரு வளர்ந்த பூனையை நான்கு பூனைகள் சூழ்ந்து நின்றால், அவை எதுவும் செய்யாவிட்டாலும், அது தப்பியோட வழி தேடிப் பாயும். பாய்ந்தால் மற்றவை துரத்தும். துரத்தல் ஒருமுறை நிகழ்ந்துவிட்டால் அத்தனை நாள் பட்ட பாடும் வீண். வீட்டிலுள்ளவற்றுள் சாதுவானது எதுவோ அதை முதலிலும், அதிகாரம் செய்யும் பெட்டையைக் கடைசியிலுமாக ஒவ்வொன்றாய்ப் பழக்குவது உத்தமம்.

சீறலைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. விலகி நில் என்ற எச்சரிக்கை அது, விலகினால் அத்தோடு தீர்ந்துவிடும். சத்தமே இன்றிக் கண்கொட்டாமல் வெறித்துப் பார்ப்பதும், வாசற்படியிலோ மணல் பேசனுக்குப் போகும் வழியிலோ மறித்துப் படுத்துக்கொள்வதுமே ஆபத்தானவை. அவற்றைக் கண்டவுடன் கவனத்தைத் திருப்பி, பிரித்துவிட வேண்டும். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: ஜன்னலுக்கு வெளியே அந்நியப் பூனையைக் கண்டு கொதித்த வீட்டுப் பூனை, அதை எட்ட முடியாத கோபத்தைப் பக்கத்தில் நிற்கும் சொந்தச் சகோதரியின்மீது காட்டிவிடும். பழைய ஸ்நேகிதங்களே இப்படி உடைவதுண்டாகையால், அவை தணியும்வரை தனித்தனியே வைத்துவிடுங்கள். சண்டை மூண்டால் இடையே ஒரு சுளகையோ பலகையையோ நுழைத்துப் பிரியுங்கள். கையை ஒருபோதும் நுழைக்க வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை இவற்றுள் அருகிலுள்ளதற்கு அன்றே செல்லுங்கள். நீர்வெறுப்பு நோய் குணங்காட்டிய பின் உயிர்பிழைப்பது அரிதினும் அரிது; ஆனால் 1885இல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு ஏற்றிக் காட்டிய நாள்முதல் உரிய வேளையில் போடும் ஊசி அதைத் தடுத்து வருகிறது.

வந்தது கடுவனாயின், அது விதையடிக்கப்படாதவரை வீட்டில் அமைதியை எதிர்பார்ப்பது வீண். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் அதன் முரட்டுச் சுபாவம் தணியச் சில வாரங்கள் செல்லும். பெட்டையாயின், சுமார் ஒன்பது வாரக் கர்ப்பத்தில் குட்டிகள் பெருகிவிடும். கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி மார்க்க ரீதியில் ஐயமுள்ளோர் உள்ளூர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்; பூனைகள் மிகுந்து உபத்திரவமாகும்போது, பிராணிக்கு ஊறு நேராதிருக்குமாயின் இதை அனுமதித்த உலமாக்கள் உண்டு.

இவ்வளவு செய்தும் சில பூனைகள் ஸ்நேகிதமாவதே இல்லை. ஒன்று அலுமாரியின் மேலும் மற்றொன்று விறாந்தையிலுமாக, தத்தம் தட்டும் தத்தம் மணலும் வேறாக, சண்டையின்றிக் காலங்கழித்தால் அதுவே வெற்றி. கட்டிப்பிடித்து உறங்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துவது அவற்றின் சுபாவத்துக்கு விரோதம். மாதங்கள் சென்றும் ஒன்று உண்ணாமல் மெலிந்து ஒளிந்தே திரியுமானால், அதற்கு வேறொரு நல்ல வீட்டைத் தேடிக் கொடுப்பதில் அவமானம் ஏதுமில்லை.

வாசகர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுண்டு. இந்த மாரியில் உங்கள் விறாந்தைக்கு வந்து ஒதுங்கிய பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தையிலோ கடற்கரையிலோ கொண்டுபோய் விடாதீர்கள். அறை கொடுக்க இயலாதவர்கள் விறாந்தையிலேயே ஒரு சிரட்டைத் தண்ணீரும் ஒரு பிடி சோறும் வைத்து, ஊசி மட்டும் போடுவித்து, அதை வெளிப்பூனையாகவே காத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம், மதில்தோறும் சிறுநீர் தெளித்துத் திரியும் கடுவன்களைப் பற்றி எழுதுகிறேன்.