மூன்றாவது மைல், இரண்டாம் கேட்... தூத்துக்குடி சைக்கிள்காரர்களுக்கு யார் வழி காட்டுவது?

தூத்துக்குடிக்குள் நுழையும் பெரிய சாலைகளில் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். துறைமுகம், திருச்செந்தூர், மதுரை, திருநெல்வேலி என்று அம்புக்குறிகளோடு பெரிய பெரிய பலகைகள் நிற்கும். வேகமாக வரும் லாரி டிரைவர் தூரத்திலேயே படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுத்தும் பெரிது, உயரமும் அதிகம். நல்ல விஷயம்தான். ஆனால், அதே பலகைக்குக் கீழே சைக்கிள் மிதித்துப் போகிறவருக்கு அது சில நொடி நிழல் மட்டுமே. துறைமுகம் என்று அது காட்டும் திசையை நம்பி அவர் திரும்பினால், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் போய்தான் நிற்பார்.

'இந்தக் காலத்தில் யாருங்க சைக்கிள்ல போறா?' என்று கேட்பவர்கள், விடிவதற்கு முன்னால் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் ஒரு தடவை வந்து பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால், உப்பளத் தொழிலாளர்கள் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். அதில் சைக்கிளில் போகிறவர்கள் இன்றும் உண்டு. கூடை கட்டி மீன் விற்கிறவர்கள், டீ கேன் கட்டிய சைக்கிள்காரர்கள், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள்... இவர்கள் யாரும் 'ஃபிட்னெஸ்'ஸுக்காக மிதிப்பவர்கள் இல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் கிட்டத்தட்ட 3 சதவிகிதம் பேர் சைக்கிளில் சென்றவர்கள். அதாவது, ஒரே வருடத்தில் ஐயாயிரத்தை நெருங்கும் உயிர்கள்.

'போகாதே' பலகை இருக்கு, 'இப்படிப் போ' பலகை எங்கே?

சாலைப் பலகைகள் எப்படி இருக்க வேண்டும் என்று 'இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்' அமைப்பு விதிமுறை வகுத்திருக்கிறது. அதில் சைக்கிளுக்கும் இடம் உண்டு. சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் இருந்தால், இங்கே சைக்கிள் போகக் கூடாது. சிவப்பு முக்கோணத்துக்குள் இருந்தால், சைக்கிள்கள் குறுக்கே வரும், கவனம். நீல வட்டத்தில் வெள்ளை சைக்கிள் என்றால், அது சைக்கிளுக்கான பாதை. நம் ஊர்ச் சாலைகளில் இந்த மூன்றில் எதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது? மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிற்கும் முதல் பலகையைத்தான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். 'இந்த வழியா வராதே' என்று சொல்லும் பலகை, 'அப்போ எந்த வழியா போக?' என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை.

சுரங்கத்தில் பிறந்த ஐடியா

நெதர்லாந்தில் 1919-லேயே சைக்கிள்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் காளான் வடிவத்தில் குட்டையான வழிகாட்டிக் கற்களை நடத் தொடங்கிவிட்டார்கள். நட்டது அங்குள்ள ஏ.என்.டபிள்யூ.பி என்ற சங்கம். 1883-ல் சைக்கிள்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது.

அதைவிட சுவாரஸ்யமான கதை பக்கத்து நாடான பெல்ஜியத்தில் இருக்கிறது. அங்கே லிம்பர்க் மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசிச் சுரங்கம் 1992-ல் மூடப்பட்டது. சுரங்கத்தில் பொறியாளராக இருந்த ஹ்யூகோ போலன் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. பூமிக்கடியில் வரைபடமெல்லாம் விரித்துப் பார்க்க முடியாது. அதனால், சுரங்கப் பாதைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் இருக்கும். அதையே சாலைக்குக் கொண்டுவந்தால் என்ன? சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் எண் கொடுத்தார்கள். '12, 15, 31' என்று மூன்று எண்களை ஞாபகம் வைத்தால் போதும், ஊர் போய்ச் சேரலாம். 1995-ல் திறக்கப்பட்ட அந்த ஏற்பாடு, இன்று நெதர்லாந்து முழுக்கப் பரவி, ஜெர்மனிக்குள்ளும் போய்விட்டது.

இதைப் படித்தபோது, இது தூத்துக்குடிக்காரர்களுக்குப் புதுசே இல்லையே என்றுதான் தோன்றியது. இந்த ஊரில் வழி கேட்டுப் பாருங்கள். 'முதல் கேட்', 'ரெண்டாம் கேட்', 'மூணாவது மைல்' என்றுதான் பதில் வரும். ரயில்வே கேட்டும் மைல்கல்லும் ஊர்ப் பெயராகவே மாறிவிட்ட இடம் இது. எண்கள் ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கின்றன. அவற்றை ஒரு தகட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு சைக்கிள் படமும் அம்புக்குறியும் போடுவதுதான் பாக்கி. பெயர்கள் மக்கள் சொல்கிறபடியே இருக்க வேண்டும் என்பது முக்கியம். 'குரூஸ் பர்னாந்து சிலை' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆவணத்தில் இருக்கும் சாலைப் பெயரை எழுதினால் தபால்காரரே யோசிப்பார்!

தூரத்தை எழுதும்போது கிலோமீட்டரோடு நிமிடத்தையும் சேர்க்கலாம். அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரத்து சைக்கிள் பலகைகளில் அப்படித்தான் இருக்கிறது. மணிக்கு 15 கி.மீ வேகம் என்று வைத்தால், ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம். '5 கி.மீ' என்றால் மலைப்பாக இருக்கும். '20 நிமிடம்' என்றால், அவ்வளவுதானா என்று மிதித்துவிடுவோம்.

இருட்டில் மின்னாத பலகை

சாலைப் பலகைகள் இரவில் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், அவற்றில் ஒட்டியிருக்கும் பிரதிபலிக்கும் தாள். எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வருகிறதோ, அந்தத் திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் ஹெட்லைட் போட்டு வரும் டிரைவருக்கு எழுத்து மின்னுகிறது. டைனமோவும் இல்லாமல், டார்ச்சும் இல்லாமல் அதிகாலை மூன்று நான்கு மணிக்கு உப்பளத்துக்கு மிதிக்கிறவருக்கு அதே பலகை வெறும் கறுப்புத் தகடுதான். அவருக்கான பலகையைத் தெருவிளக்குக்கு அடியில்தான் வைக்க வேண்டும். கூடவே, இந்த ஊரின் உப்புக்காற்றில் இரும்புத் தகடு தாக்குப்பிடிக்காது. அலுமினியம்தான் சரி.

ஒரு திருப்பத்துக்கு ஒரு பலகை போதாது என்பதும் பலருக்குத் தெரியாது. திருப்பம் வருவதற்கு முன் ஒன்று, திருப்பத்தில் ஒன்று, திரும்பிய பிறகு 'சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள்' என்று சொல்ல இன்னொன்று. மூன்றாவதை விட்டுவிட்டால், நூறு மீட்டர் போனதும் சந்தேகம் வந்து திரும்பிவிடுவோம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பலகை வைப்பது மலிவு, பாதை போடுவது செலவு. மலிவானதை மட்டும் செய்துவிட்டு, 'சைக்கிள் வழி' என்று எழுதி, லாரி ஓடும் சாலையின் ஓரத்தையே காட்டினால், அது பலகை இல்லாததைவிட ஆபத்து. தேசிய நெடுஞ்சாலை ஒருவர் கையில், மாநிலச் சாலை இன்னொருவர் கையில், உள் தெருக்கள் மாநகராட்சி கையில், துறைமுகத்துக்குள் துறைமுக நிர்வாகம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் ஒரு சைக்கிள்காரர் இத்தனை பேரின் எல்லைகளையும் ஒரே நாளில் தாண்டுகிறார்.

அதனால், மாநகராட்சியின் உள் தெருக்களிலிருந்து தொடங்குவது எளிது. ஒத்திகை பார்க்கத் தோதான நாள்களும் இருக்கின்றன. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா பேராலயத் திருவிழா. வெளியூர்க்காரர்கள் வழி கேட்டுக்கொண்டே இருக்கும் நாள்கள் அவை. பெயின்ட்டில் எழுதிய தற்காலிகப் பலகைகளை பேராலயம், ரோச் பூங்கா, பழைய துறைமுகம், ரயில் நிலையம் என்று நாலைந்து இடங்களில் கட்டிவைத்து, சைக்கிள்கள் எந்தத் தெருவில் திரும்புகின்றன, எங்கே தயங்கி நிற்கின்றன என்று எண்ணினால் போதும். நிரந்தரக் கம்பத்துக்குக் குழி எங்கே தோண்டுவது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.