குதிரைப் பந்தயம் சூதாட்டமா?
கோர்ட்டில் ஜெயித்த ரேசுக்கு குத்தகையால் வந்த வினை!

சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூர் பக்கம் குதிரை என்றால் அய்யனாரின் மண் குதிரைதான். அது ஓடாது, யார் சம்பளத்தையும் கொண்டு போகாது!

கிண்டி குதிரை அப்படியா? சென்னையில் 1777 முதலே பந்தயம் என்பார்கள். 1974-ல் தமிழக அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரேஸ் கிளப் கோர்ட்டுக்குப் போனது.

1996 ஜனவரி 12-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது: "இது சூதாட்டம் அல்ல." குதிரையின் திறன், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் பார்த்துக் கட்டும் திறமை ஆட்டமாம்.

வம்சமும் பார்க்கலாமே? தரோபிரெட் பந்தயக் குதிரை எல்லாம் தந்தை வழியில் வெறும் 3 குதிரைகளின் வாரிசுதான்!

2024 செப்டம்பரில் 160 ஏக்கர் மைதானத்துக்கு அரசு 'சீல்' வைத்தது. குத்தகை பாக்கி ரூ.730 கோடி என்றது.

திறமையோ, அதிர்ஷ்டமோ... ஓடுவது குதிரை, காலியாவது நம்ம பாக்கெட்!