7 அங்குலம் குள்ளமான கப்பல் கேப்டன்!

சிறுநீரகக் கல்லுக்கும் கழுத்துக்கும் என்ன உறவு?

நெடுநெடு என்று வளர்ந்த மனிதர். உயரம் 6 அடிக்கு மேல். அமெரிக்கக் கப்பல் ஒன்றில் கேப்டன். பெயர், சார்லஸ் மார்ட்டெல்.

1918-ம் ஆண்டு வரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு உடம்பு வலிக்கத் தொடங்கியது. எலும்பு ஒடிந்தது. ஒன்று கூடினால் இன்னொன்று ஒடிந்தது. முதுகு வளைந்தது. 8 ஆண்டுகளில் அவருடைய உயரத்தில் 7 அங்குலம் காணாமல் போய்விட்டது! சிறுநீரில் மணல் மணலாகக் கல் இறங்கியது.

1926-ல் நியூயார்க் நகரில் டாக்டர் டுபாய் அவரைச் சோதித்தார். அவருடைய ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மீறி இருந்தது. கோளாறு எலும்பில் அல்ல, கழுத்தில் இருக்கிறது என்று டுபாய் முடிவு செய்தார்.

கழுத்தில் என்ன இருக்கிறது?

குரல்வளைக்குக் கீழே தைராய்டு என்ற சுரப்பி இருப்பது பலருக்குத் தெரியும். அதன் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு இன்னும் 4 சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பயறு அளவுதான். இவற்றுக்குப் பாராதைராய்டு என்று பெயர்.

இவை முதலில் தென்பட்டது மனிதனிடம் அல்ல. ஒரு காண்டாமிருகத்திடம்! லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் இறந்துபோன இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை ரிச்சர்டு ஓவன் என்ற பேராசிரியர் அறுத்துப் பார்த்தார். அப்போது கண்டதை 1850-ல் சொன்னார். மனித உடலிலும் இவை உண்டு என்று 1880-ல் விரிவாக எழுதியவர், சுவீடன் நாட்டு இவார் சாண்ட்ஸ்ட்ரோம்.

இவற்றுக்கு என்ன வேலை? நம் எலும்புதான் சுண்ணாம்புச் சத்தின் பத்தாயம். அதன் சாவி இந்தச் சுரப்பிகளிடம் இருக்கிறது. ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால், பத்தாயத்தைத் திறந்து கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும். போதும் என்றதும் மூடிவிடும்.

சுரப்பியில் கட்டி முளைத்தால், மூடுவதே கிடையாது. எலும்பு அரிக்கப்படுகிறது. ரத்தத்தில் சுண்ணாம்பு பெருகுகிறது. மிகுந்ததைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. தள்ளும்போது அங்கேயே படிந்து கல்லாகிறது. கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் அது செய்யும் கொடுமை கொஞ்சமா?

நெஞ்சுக்குள் ஒளிந்த கட்டி

மார்ட்டெல் பாஸ்டன் நகருக்குப் போனார். அங்கே மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் 1926-லேயே கழுத்தைத் திறந்து பார்த்தார்கள். கட்டியைக் காணோம். மறுபடி திறந்தார்கள். காணோம். இப்படியே 6 ஆபரேஷன்!

வேறு யாராவது இருந்தால் "போதுமப்பா" என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். கேப்டன் போகவில்லை. வைத்திய நூல்களைத் தாமே படித்தார். நெஞ்சுக்குள் தேடிப் பாருங்கள் என்று டாக்டர்களை வற்புறுத்தினார்.

1932-ல் 7-வது ஆபரேஷன். செய்தவர்கள் டாக்டர் சர்ச்சில், டாக்டர் கோப். (இங்கிலாந்தின் பிரதமராக இருந்த சர்ச்சில் அல்ல, இவர் வேறு!) கட்டி நெஞ்சுக்குள்தான் இருந்தது. பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள்.

ஆனால் அதற்குள் சிறுநீரகங்கள் கெட்டுவிட்டன. சில வாரங்களில் கல் ஒன்று சிறுநீர்க் குழாயை அடைத்தது. அதற்குச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு கேப்டன் இறந்துபோனார்.

ஆல்பிரைட்டின் கேள்வி

மார்ட்டெலை ஆராய்ந்த டாக்டர்களில் ஒருவர் புல்லர் ஆல்பிரைட். அவர் யோசித்தார். எலும்பு நொறுங்கிய பிறகு வருகிறவரைத்தானே நாம் கவனிக்கிறோம்? சிறுநீரகக் கல்லோடு வருகிறவர்களிடம் இந்த நோய் ஒளிந்திருந்தால்?

கல் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நினைத்தபடியே ஆயிற்று. எலும்பு நன்றாக இருந்தும், கழுத்துக் கட்டியால் கல் விழுந்தவர்கள் அகப்பட்டார்கள்! அந்தக் கட்டியால் சிறுநீரகத்துக்கு வரும் கேடுகளைப் பற்றி ஆல்பிரைட்டும் அவர் கூட்டாளிகளும் 1934-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அபூர்வ நோய் என்று நினைத்தது அவ்வளவு அபூர்வம் இல்லை என்று புரிந்தது.

இன்னொன்று. கழுத்தால் சிறுநீரகம் கெடுவதுபோல, சிறுநீரகத்தால் கழுத்தும் கெடும். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் சுண்ணாம்பு குறையும். அதை ஈடுகட்ட 4 சுரப்பிகளும் ஓயாமல் உழைத்து வீங்கிவிடும். எது முதலில் கெட்டது என்று கண்டுபிடிப்பதில்தான் டாக்டரின் சாமர்த்தியம் இருக்கிறது.

இப்படிச் சொன்னதும் கல் உள்ளவர்கள் எல்லாரும் கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டாம். கல்லுக்குக் காரணம் பல. 100 பேரில் ஒரு சிலருக்குத்தான் காரணம் கழுத்தில் இருக்கும். ஆனால் கல் மீண்டும் மீண்டும் வந்தால், ரத்தத்தில் சுண்ணாம்பின் அளவைப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 100 மில்லி ரத்த நீரில் சுமார் 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அதிகமானால் சுரப்பியின் சாற்றையும் அளந்து பார்க்க இப்போது வசதி உண்டு. கட்டி இருக்கும் இடத்தை ஸ்கேன் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆல்பிரைட்டின் கதையும் கேட்க உருக்கமானது. நாற்பது வயதுக்கு முன்பே அவரை நடுக்குவாதம் பிடித்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. அப்படியும் ஆராய்ச்சியை விடவில்லை. 1948-ல் ரைபன்ஸ்டைன் என்பவரோடு சேர்ந்து, பாராதைராய்டு பற்றியும் எலும்பு நோய்கள் பற்றியும் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்.

நடுக்கத்தைப் போக்க 1956-ல் அவருடைய மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். அது விபரீதமாக முடிந்தது. பேச்சு போய்விட்டது. தாம் வேலை செய்த அதே ஆஸ்பத்திரியில் 13 ஆண்டுகள் நோயாளியாகக் கிடந்து, 1969-ல் காலமானார்.