ஒரே ஊருக்கு மூணு பேரு... கணினி எதைத் தேடும்? பழைய புத்தகங்களையும் போட்டோக்களையும் காப்பாற்றும் ‘மெட்டாடேட்டா’!

சிவனும் திருமாலும் ஒன்றே என்று சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்த தலம், சங்கரன்கோவில். ஆடித்தபசு திருவிழாவின் கதையே அதுதான். ஆனால், அந்த ஊரின் பெயரை எத்தனை விதமாக எழுதுகிறோம் பாருங்கள்... சங்கரன்கோவில், சங்கரன்கோயில், பழைய ஆவணங்களில் சங்கரநயினார்கோயில். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று ஸ்பெல்லிங் வேறு! மாவட்டமும் மாறிவிட்டது. 2019 நவம்பர் வரை திருநெல்வேலி, அதன்பிறகு தென்காசி.

நமக்கு இதெல்லாம் ஒரே ஊர்தான். கணினிக்கு அப்படி இல்லை. கூகுளாவது ஓரளவு ஊகித்துக்கொள்ளும். ஒரு நூலகத்தின் ஆன்லைன் பட்டியலில் ‘சங்கரன்கோவில்’ என்று டைப் செய்தால், ‘சங்கரநயினார்கோயில் தாலுகா’ என்று பதிவான பழைய ஆவணம் வராமலே போகலாம். ஆவணம் பத்திரமாக இருக்கும், ஸ்கேன்கூட ஆகியிருக்கும். ஆனால், தேடுகிறவர் கைக்குக் கிடைக்காது.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகத்தான் உலகம் முழுக்க நூலகர்கள் சில பொது விதிகளை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர்தான் மெட்டாடேட்டா தரநிலை.

மெட்டாடேட்டான்னா என்ன?

பழைய நூலகங்களில் சின்னச் சின்ன இழுப்பறைகளுக்குள் அட்டைகள் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? புத்தகத்தின் தலைப்பு, ஆசிரியர், பொருள், அலமாரி எண் எல்லாம் அதில் இருக்கும். புத்தகத்தைப் பற்றிய அந்தக் குறிப்புதான் மெட்டாடேட்டா. தமிழில் ‘மீதரவு’ என்கிறார்கள்.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் நம்ம ஊர்க்காரர். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் நூலகத்துறைக்கான ஐந்து விதிகளையும், 1933-ல் ‘கோலன்’ பகுப்பு முறையையும் வெளியிட்டார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவருடைய ஐந்து விதிகளில் ஒன்று.

15 கேள்விகள்

1960-களில் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் பணியாற்றிய ஹென்றியெட் அவ்ராம், நூலக அட்டையைக் கணினி படிக்கும்படி மாற்றும் ‘மார்க்’ முறையை உருவாக்கினார். அதைக் கையாளப் பயிற்சி வேண்டும். இணையம் வந்ததும் எளிமையான முறை ஒன்று தேவைப்பட்டது. 1995-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டப்ளின் நகரில் நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். அதில் பிறந்ததுதான் ‘டப்ளின் கோர்’. அயர்லாந்தின் டப்ளினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

இதில் மொத்தம் 15 விவரங்கள். தலைப்பு என்ன, உருவாக்கியவர் யார், எதைப் பற்றியது, எப்போது வெளியானது, எந்த மொழி, எந்த இடம், உரிமை யாருக்கு... இப்படிப் போகும். புத்தகம், போட்டோ, ஆடியோ எதற்கும் பொருந்தும். எல்லா நூலகங்களும் ஒரே கேள்விகளுக்குப் பதில் எழுதினால், ஒரே தேடலில் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

தமிழுக்கான தனிச் சவால்கள்

முதல் சவால், இனிஷியல். வெளிநாட்டுப் பட்டியல்கள் குடும்பப் பெயரை முதலில் எழுதும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? உ.வே.சா. பெயரில் ‘உ’ என்பது உத்தமதானபுரம் என்ற ஊர், ‘வே’ என்பது அப்பா வேங்கடசுப்பையர். புனைபெயர் இருந்தால் இன்னும் குழப்பம். ஒரு நூலகம் ‘புதுமைப்பித்தன்’ என்றும், இன்னொன்று ‘சொ.விருத்தாசலம்’ என்றும் பதிந்தால், கணினி அவரை இரண்டு எழுத்தாளராக்கிவிடும். இதற்கு ‘பெயர் ஆணைக் கோப்பு’ என்ற வழி இருக்கிறது. ஒருவருக்கு ஒரே எண் கொடுத்து, அவருடைய எல்லாப் பெயர்களையும் அதன்கீழ் சேர்த்துவிடுவார்கள். ஊர்ப் பெயர்களுக்கும் இப்படிச் செய்யலாம்.

இரண்டாவது, வருடம். பழைய நூலில் ‘விகாரி வருஷம்’ என்று மட்டும் இருந்தால், அது 1899-1900 ஆகவும் இருக்கலாம், 1959-60 ஆகவும் இருக்கலாம். நெல்லைச் சீமைப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டும் வரும். கொல்லம் 1100 என்றால் 1924-25. எனவே, மூலத்தில் உள்ளதை அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கில வருடத்தையும் குறிப்பது நல்லது.

மூன்றாவது, எழுத்துரு. யூனிகோடு பரவும் முன் ஆளுக்கொரு ஃபான்ட்டில் டைப் செய்தோம். அந்தப் பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் தேடவே முடியாது.

பெட்டியைக் கலைக்காதீங்க!

நூலகம் ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனியாக விவரிக்கும். ஆவணக் காப்பகமோ முதலில் மொத்தத் தொகுப்பையும் விவரிக்கும். இது யாருடைய சேகரிப்பு, எந்த வரிசையில் இருந்தது என்று எழுதிவிட்டுத்தான் உள்ளே போகும். ‘ஐஎஸ்ஏடி-ஜி’ என்ற சர்வதேச விதி சொல்வது இதைத்தான். ஒரு கடிதத்தின் அர்த்தம், பக்கத்தில் இருக்கும் ரசீதில்கூட இருக்கலாம்.

காரைக்குடி அருகே கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் தூக்கிப்போடும் அழைப்பிதழ்களைக்கூடச் சேர்த்துவைத்தவர். 1992-ல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்தது. 1994-ல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. பட்டியல் போட்ட பிறகுதான் அது உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது.

இலங்கையில் 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டம் 2005-ல் தொடங்கியது. அதன் இணையதளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனி ‘நூலக எண்’ இருக்கும். ஆசிரியர், மொழி, வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்ற விவரங்களும் கூடவே இருக்கும்.

வீட்டுல நீங்க என்ன செய்யலாம்?

நம் வீட்டுப் பீரோவிலும் கல்யாண ஆல்பம், ஓலைச்சுவடி, தாத்தாவின் கடிதங்கள் இருக்கும். மொபைலில் போட்டோ எடுத்துவிட்டால் மட்டும் போதாது. வெறும் எண்ணோடு கிடக்கும் 5,000 படங்களில் பேத்தி எதைத் தேடுவாள்?

* யார், என்ன நிகழ்ச்சி, எந்த ஊர், எந்த வருடம், எடுத்தது யார், அசல் யாரிடம் இருக்கிறது... இந்த ஆறு விவரங்களையும் எழுதுங்கள்.

* ‘1962-சங்கரன்கோவில்-கல்யாணம்-01’ என்பதுபோல ஃபைலுக்குப் பெயர் வையுங்கள். எல்லாப் படத்துக்கும் அதே வரிசை.

* ஊரின் பழைய பெயர், இப்போதைய பெயர் இரண்டையும் குறியுங்கள். ‘பெரியப்பா’ என்று மட்டும் எழுதாமல், அவருடைய முழுப்பெயரையும் சேருங்கள்.

* தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். ‘சுமார் 1960’ என்றால் ‘சுமார்’ என்றே இருக்கட்டும்.

* பழைய போட்டோவின் பின்னால் எழுதுவதானால் பேனா வேண்டாம், மென்மையான பென்சில்தான்.

* பெட்டியைக் கலைக்கும் முன், உள்ளே இருந்த வரிசையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். இரண்டாவது வரிசையில் நிற்கும் அந்தப் பெண் யார் என்பது வீட்டில் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கலாம்.