உடம்புக்கு டயாலிசிஸ்... மனசுக்கு?



ஒரு குழுவில் ஒரு அக்கா. வாரக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து பாய் விரிப்பவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் டயாலிசிஸ் ஆரம்பித்தபின் கூட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், "நான் இருந்து என்ன ஆகப்போகுது? எல்லாருக்கும் பாரம்தானே" என்கிறார். "உடம்புக்கு முடியலை, அதான் இப்படிப் பேசுறாங்க" என்று நாமும் திரும்பி வந்துவிடுகிறோம். ஆனால் அது உடம்புக் கோளாறு மட்டும்தானா?

மனசு ஏன் தளர்கிறது?

ரத்தத்தில் சேரும் கழிவையும் அதிகப்படியான தண்ணீரையும் இயந்திரம் மூலம் பிரித்தெடுப்பதுதான் டயாலிசிஸ். பொதுவாக வாரத்துக்கு 2 அல்லது 3 தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம் ஆகும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தாதவரை இதை நிறுத்த முடியாது.

தாகம் எடுத்தாலும் தண்ணீரை அளந்துதான் குடிக்கணும். இளநீர், வாழைப்பழம் எல்லாம் டாக்டரைக் கேட்டுத்தான். ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்த கையால் தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது. கூலி வேலைக்குப் போக முடியாது. பஸ் செலவு, மருந்துச் செலவு, கடன்... நேற்றுவரை வீட்டையே தாங்கியவருக்கு "நான் எதுக்கும் உதவாதவள்" என்ற எண்ணம் வராமல் இருக்குமா?

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2013-ல் தொகுத்துப் பார்த்தார்கள். நேரில் பேசிப் பரிசோதித்ததில், டயாலிசிஸ் செய்பவர்களில் 100-க்கு சுமார் 23 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. ஆகவே இது ஒருவருடைய பலவீனமோ, முன்வினையோ அல்ல. வைத்தியம் உள்ள ஒரு நோய்.

எப்படித் தெரிந்துகொள்வது?

அசதி, தூக்கமின்மை, பசியின்மை மூன்றும் சிறுநீரக நோயாலும் வரும், ரத்தசோகையாலும் வரும். அதனால் இவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கீழ்க்கண்டவை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும்:

• பிடித்த எதிலும், பேரப்பிள்ளையிடம்கூட நாட்டம் இல்லாமை
• காரணமில்லாத அழுகை, அல்லது யாரிடமும் பேசாமை
• "நான் பாரம்", "என்னால்தான் எல்லாம்" என்ற பேச்சு
• "இனி டயாலிசிஸ் வேண்டாம்" என்று சொல்வது

கடைசியில் உள்ளதுதான் மிக ஆபத்து. டயாலிசிஸைத் தவறவிட்டால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம். மனசு விட்டால் உயிரும் போகும் என்பது இங்கே வெறும் பேச்சல்ல.

என்ன செய்யலாம்?

முதலில் டயாலிசிஸ் டாக்டரிடமே சொல்லுங்கள். ரத்தசோகை போன்ற காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கு போனால் "பைத்தியம்" என்று அர்த்தமில்லை. 2019-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஒரு பிரிவினருக்கு டயாலிசிஸ் நடக்கும்போதே மனநல ஆலோசனை கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு மாத்திரை கொடுத்தார்கள். 12 வாரத்தில் இரு பிரிவினருக்கும் சோர்வு குறைந்தது.

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாமாக நிறுத்தக்கூடாது. மருந்துக் கடையில் நாமாக வாங்கவும் கூடாது. சிறுநீரகம் கெட்டவருக்கு மருந்தின் அளவே வேறு.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "ஆமா" என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்பது மனநல உதவிக்கான அரசின் இலவச எண். இரவு பகல் எப்போதும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

நம் குழு என்ன செய்யலாம்?

• டயாலிசிஸ் இல்லாத நாளில் கூட்டம் வையுங்கள்.
• கனமான வேலை வேண்டாம். ஆனால் தீர்மானப் புத்தகம் எழுதுவது, பாஸ்புக் சரிபார்ப்பது போன்ற பொறுப்பை அவரிடமிருந்து பறிக்காதீர்கள்.
• முறை வைத்து ஒருவர் துணைக்குப் போங்கள். கூடவே அலையும் மகளோ மருமகளோ ஒருநாளாவது ஓய்வெடுக்கட்டும். அவர்கள் மனசும் தளரும்.
• தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சேர்ந்திருக்கிறது. அட்டை இல்லாதவருக்கு எடுக்க உதவுங்கள். செலவுக் கவலை குறைந்தாலே பாதி பாரம் இறங்கும்.
• பார்க்கப் போகும்போது "என்ன பாவம் செஞ்சியோ" என்று சொல்லாதீர்கள். "நீ இல்லாம கூட்டம் நல்லாவே இல்லைக்கா, வா" என்று சொல்லுங்கள்.

இந்த வாரக் கூட்டத்தில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும், உங்கள் ஊரில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார் என்று கேளுங்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.