பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

புதுப் பேட்டரி போட்டு மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற ஓசை மட்டும் வரும், இயந்திரம் சுழலாது. "பேட்டரி சரியில்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று வீட்டில் பேச்சு தொடங்கும். இன்னொரு பேட்டரி வாங்குவோரும் உண்டு. ஆனால் பல வேளைகளில் பேட்டரி மீது குற்றமே இருப்பதில்லை. அதற்கு மின்சாரம் ஊட்டவேண்டிய ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்திருக்காது, அல்லது அது செய்த வேலை பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் வாகனத் துறை பயிலும் மாணவர்கள் முதலில் கற்கவேண்டிய திறன்.

ஐந்தாம் படிவ இயற்பியல் படிப்போருக்கு இதன் அடிப்படை புதிதல்ல. சுழலும் காந்தப் புலத்திற்குள் கம்பிச் சுருள் இருந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினார். இயந்திரத்தின் பெல்ட் ஆல்டர்னேட்டரின் ரோட்டரைச் சுழற்றுகிறது, சுற்றியுள்ள ஸ்டேட்டரில் மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. அதை நேர்த்திசையாக மாற்றுவது டையோடுகள், பெரும்பாலும் ஆறு. எவ்வளவு மின்னழுத்தம் வெளியே போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர்.

இனி அளவு. 20 வோல்ட் அளவுக்குத் திருப்பி வைத்த சாதாரண மல்டிமீட்டர் போதும். கார் சில மணி நேரம் ஓடாமல் நின்றபின் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைவாக உள்ளது. 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. இயந்திரத்தை ஓடவிட்டு மறுபடி அளந்தால் வழக்கமாக 13.8 முதல் 14.5 வரை ஏறவேண்டும். 12.3இல் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் பேட்டரிக்கு எதுவும் வந்து சேரவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாடு இழந்துவிட்டது. பேட்டரி கொதித்து வீணாகும்.

அடுத்ததாக முன்விளக்கு, ஏர்கோன் காற்றாடி, பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டு, இயந்திர வேகத்தை 2,000 சுற்று அளவுக்கு உயர்த்திப் பாருங்கள். வெறுமனே 14 காட்டிய ஆல்டர்னேட்டர் சுமை ஏறியதும் 12.8க்குச் சரிந்தால் பெல்ட் வழுக்கலாம், டையோடு ஒன்று போயிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பெல்ட்டை மட்டும் கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்: உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கிறதா, சுமை ஏறும்போது கிறீச்சிடுகிறதா?

இந்தக் கட்டத்தில்தான் பலர் அவசரப்பட்டு ஆல்டர்னேட்டரைக் கழற்றுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். சுமையுடன் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையில், அதன் உடலை எதிர்முனையாக வைத்து அளந்தால் 14.3 வோல்ட். பேட்டரியில் அளந்தால் 13.1 தான். நடுவில் காணாமற்போன 1.2 வோல்ட் எங்கே? மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் வெளியீட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் வையுங்கள்: 0.1 வோல்ட், குறையில்லை. பிறகு ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் 1.1 வோல்ட்! அந்தப் பக்கம் 0.2ஐத் தாண்டவே கூடாது. ஆக, குற்றவாளி இயந்திரத்தையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் கம்பி. துருவைச் சுரண்டி, திருகை இறுக்கினால் வேலை முடிந்தது.

ஓம் அளவில் வைத்துச் சோதித்தால் இது தெரியாது. 30 ஆம்பியர் ஓடும்போது 1.1 வோல்ட் இழப்பு என்றால் தடை 0.037 ஓம் மட்டுமே; சாதாரண மீட்டர் அதைச் சுழியம் என்றே காட்டும். மின்சாரம் ஓடும்போது அளப்பதன் அருமை இதில்தான் இருக்கிறது.

டையோடு பழுதையும் கழற்றாமலே ஊகிக்கலாம். மீட்டரை மாறுதிசை அளவுக்கு மாற்றி, இயந்திரம் ஓடும்போது பேட்டரி முனைகளில் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு டையோடு மாறுதிசை மின்சாரத்தை அப்படியே விடுகிறது. பழுதான டையோடு இரவில் நிற்கும் காரின் பேட்டரியையும் உறிஞ்சிக் காலியாக்கக்கூடும்.

புதிய கார்களில் ஒரு சிக்கல் உண்டு. எரிபொருளை மிச்சப்படுத்த, கணினியே ஆல்டர்னேட்டரின் வெளியீட்டைச் சில நேரம் குறைத்துவிடும். ஒரே ஒரு முறை 12.8 வோல்ட் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சுமையைக் கூட்டி, அந்த மாடலுக்கான கையேட்டையும் பார்த்த பிறகே முடிவு செய்யவேண்டும்.

பழைய பட்டறைப் பழக்கம் ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்: இயந்திரம் ஓடும்போது பேட்டரி வொயரைக் கழற்றி, கார் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பது. பேட்டரி இல்லாத நொடியில் மின்னழுத்தம் திடீரென எகிறி, விலையுயர்ந்த கணினிப் பலகையை எரித்துவிடலாம்.

வாகனம் ஓட்டுவோருக்கும் ஒரு செய்தி. நெடுஞ்சாலையில், மாலை அடைமழையில், பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு எரிகிறது என்று வையுங்கள். முன்விளக்குகள் மட்டுமே 110 வாட், அதாவது ஏறக்குறைய 9 ஆம்பியர். வைப்பர், ஏர்கோன், ரேடியேட்டர் காற்றாடி, எரிபொருள் பம்ப் எல்லாம் சேர்ந்தால் 30 ஆம்பியரைத் தொடும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி கணக்குப்படி ஒரு மணி நேரம் தாங்கும், நடைமுறையில் அதற்கு முன்பே தளரும். ஏர்கோனையும் வானொலியையும் நிறுத்துங்கள், முன்விளக்கை நிறுத்தாதீர்கள். இயந்திரத்தை அணைக்காமல் அருகிலுள்ள ஓய்விடத்திற்கோ வெளியேறும் வழிக்கோ போய்விடுங்கள். வெப்பமானியும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல கார்களில் தண்ணீர் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது. அப்போது பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்தி அணைத்துவிடவேண்டும்.

மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பாதையில் வாகனத் துறை பயிலும் மாணவர்கள், பட்டறைப் பயிற்சிக்குப் போகும்போது சிறு நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். காரின் மாடல், ஓடாதபோது வோல்ட், ஓடும்போது வோல்ட், சுமையில் வோல்ட், இரு பக்க இழப்பு என ஐந்து கட்டம் போதும். பழுது பார்த்தபின் அதே அளவுகளை மீண்டும் எடுத்துப் பக்கத்திலேயே எழுதுங்கள். எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று வாடிக்கையாளர் கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.